பரணுக்கு அந்தப் பக்கம் மலை



இன்று நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும் இடம், ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய மலைக்காடு. ஆனால் எனக்கு அந்த மலையைக் காட்டித் தந்தவர் ஓசூர்க்காரர் இல்லை. இமயமலையில், உத்தரகாசி மாவட்டத்தில், சாங்கிரி என்ற கிராமத்தில் பிறந்தவர். அதனால் பேச்சை அங்கிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், நாங்கள் எட்டுப் பேர் கேதார்காந்தா ஏறப் போனோம். எல்லோரும் ஓசூர் சிப்காட்டிலும் சுற்றுப்பக்கத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள். மூன்று ஷிப்டுக்கும் லீவு சரிக்கட்டி, ஆறு மாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். சாங்கிரியில் தேவதாரு மரத்தில் சித்திரவேலை செய்த வீடுகள், வாசலில் விறகு அடுக்கு, கழுத்து மணியோடு இறங்கி வரும் கோவேறு கழுதைகள். அங்கிருந்து முதல் நாள் நடையில் ஜூடா கா தாலாப் என்ற சின்ன ஏரிக்கரை வரும். குளிருக்கு ஏரி கண்ணாடித் தகடாகக் கிடந்தது. எங்களை அழைத்துப் போன வழிகாட்டிப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எந்தப் பனியில் கால் வைக்கலாம், எது புதையும், எந்த மேகம் மத்தியானத்துக்குள் நம் தலைமேல் வந்து நிற்கும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அன்று ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்திருந்தபோது அவன் என்னிடம் கேட்டான்: "உங்க ஊர் மலைக்கு என்ன பேர்?"

"எங்க ஊரில் மலை இல்லை, கம்பெனிகள்தான்" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது பொய் என்று தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனேன். நூறு தடவை போன கோயில்தான். பிரகாரத்திலிருந்து எல்லோரும் வழக்கமாகப் பார்க்கும் பக்கம் ஊர்: தகரக் கூரைகள், புகைபோக்கி, நெடுஞ்சாலையில் கர்நாடக எல்லையை நோக்கி ஊர்ந்துபோகும் லாரி வரிசை. அன்று தெற்கே பார்த்தேன். வானத்தின் அடியில் நீலக்கோடு போட்டதுபோல மலை. ஒன்றன் பின் ஒன்றாக, மூன்று நான்கு அடுக்கு. அருகில் நின்ற பூக்காரம்மாவிடம் கேட்டேன். "அதுவா? தேன்கனிக்கோட்டை காடு. ஆனை வர்ற மலை" என்று சொல்லிவிட்டுச் சாமந்தியை முழம் போடத் திரும்பிவிட்டார்.

அந்த மலைவரிசைக்கு மேலகிரி என்று பெயர்.

நேயர்களே, ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நாம் எல்லோரும் மேட்டுநிலத்தின் மேலேயே குடியிருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. இங்கே காற்று குளுகுளு என்று இருப்பதற்கும், ரோஜாவும் முட்டைக்கோசும் விளைவதற்கும், தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடியதற்கும் இந்த உயரம்தான் காரணம். இந்த மேட்டின் தெற்கு ஓரம் மேலகிரி. அதைத் தாண்டினால் நிலம் மடமடவென்று காவிரியை நோக்கி இறங்குகிறது. பிலிகுண்டுலு பக்கத்தில் காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும்போது நாம் நம்முடைய உயரத்தில் பெரும்பகுதியைத் தொலைத்திருப்போம். இமயத்தில் நதிக்கரையிலிருந்து மலைக்கு ஏறுவார்கள். இங்கே வீட்டிலிருந்து கிளம்பினால் மலையிலிருந்து நதிக்கு இறங்கலாம்.

வயதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதி இமயம் எழும்பத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். நம் வீட்டுப் படிக்கட்டுக்கும் சமையல் மேடைக்கும் அறுத்துப் போடும் கல், இமயம் பிறப்பதற்கு முன்பே கிழமான கல்.

இந்தக் காட்டின் பெயர்களையும் கேளுங்கள். ஜவளகிரி, உரிகம், அஞ்செட்டி, அய்யூர், பெட்டமுகிலாளம், கொடகரை. பெட்டா என்றால் கன்னடத்தில் மலை. முகில் நமக்கும் கன்னடத்துக்கும் பொதுச் சொத்து. பெட்டமுகிலாளத்தில் ஒரு மார்கழிக் காலை நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். தேநீர்க்கடையில் ஒருவர் தமிழில் கேட்பார், கடைக்காரர் கன்னடத்தில் பதில் சொல்வார், காசை எண்ணிக் கொடுக்கும் அம்மா தெலுங்கில் எண்ணுவார். எந்தச் சிரமமும் இல்லாமல் பேச்சு நடக்கும். மூன்று மாநிலம் கை தொட்டுக்கொள்ளும் இந்த மூலையின் பழக்கம் அது. மலைக்குள் போகப் போக இருளர் குடியிருப்புகள் வரும். அவர்கள் பேச்சுக்கு வேறு ராகம்.

2014-ஆம் ஆண்டு இந்தக் காடுகள் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயின. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022-இல் அதை ஒட்டிய இன்னும் பெரிய பரப்பு, 686 சதுர கிலோமீட்டர், காவிரி தெற்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் பன்னேர்கட்டா, இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம், அதற்கப்பால் பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம். காவிரிக் கரையில் நீர்மருத மரங்களில் சாம்பல் நிறப் பெரிய அணில், தண்ணீரில் நீர்நாய், முதலை. எல்லாவற்றுக்கும் மேலாக யானை. மனிதன் போட்ட எல்லைக் கல்லை ஒரு நாளும் மதிக்காமல் இந்தக் காட்டை ஒரே காடாக வைத்திருப்பது அதுதான்.

காட்டுக்குள் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். அனுமதியோடுதான் போக வேண்டும். கூட ஆள் இருந்தால்தான் போக முடியும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேறப் போன கூட்டம் சிக்கிக்கொண்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 23 உயிர்கள் போயின. அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் கொண்டுவந்தது. பிறகு 2024 அக்டோபரில் வனத்துறை, தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தின் வழியாக, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். பெரும்பாலும் காட்டையொட்டிய ஊர் இளைஞர்கள், பழங்குடி இளைஞர்கள். தீக்காலத்தில், அதாவது கோடையில், பாதைகளை மூடிவிடுகிறார்கள். அது நியாயம்தான். அந்த 40-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இரண்டு வந்தன: அய்யூரிலிருந்து சாமி ஏரி ஒன்று, குத்திராயன் உச்சி மற்றொன்று.

நாங்கள் சாமி ஏரிக்குப் போனோம். கேதார்காந்தா போன அதே எட்டுப் பேரில் ஐந்து பேர். விடிகாலை கிளம்பித் தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து அய்யூர். வழியெல்லாம் ராகிக் கொல்லை. கதிர் முற்றிச் செம்பழுப்பாக நின்றது. ஊடுபயிராக அவரை, துவரை. கொல்லைக்கு நடுவே புளியமரத்தின் மேலே பரண். நான்கு கவை, மூங்கில் தட்டி, மேலே கொஞ்சம் புல், ஒரு பழைய கம்பளி. ராத்திரி முழுக்க யாரோ அங்கே முழித்திருந்ததற்கு அடையாளமாகக் கீழே சாம்பலும் பீடித் துண்டும். மழை முடிந்து ராகி பால் பிடிக்கும் நாளில் பன்னேர்கட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி, ஊடேதுர்க்கம், சானமாவு வரை போகும். பேரண்டபள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையையே தாண்டும். நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் புரட்டிவிடுகிறோம். பரணில் இருப்பவருக்கு அந்தக் கொல்லைதான் வருஷச் சாப்பாடு. ஒரே ராத்திரியில் போய்விடும். சில சமயம் ஆளே போய்விடுகிறார். யானையை ரசிக்கப் போகும் நாம் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பரணைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தம்பி மலை ஊர்க்காரர். இரண்டு வருடம் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காக்கி பேன்ட், காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு அரிவாள், தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான். நாங்கள் இமயத்துக்கு வாங்கிய பூட்ஸ், ஊன்றுகோல், கண்ணாடி சகிதம் நின்றோம். முதுகுப் பையைத் திறக்கச் சொல்லி பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டார். "திரும்பி வரும்போது இதே கணக்கு வரணும்ணா" என்றார்.

உண்ணிச்செடிப் புதரைத் தாண்டி மூங்கில் காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பாதையில் யானை லத்தி கிடந்தது. தம்பி உட்கார்ந்தார். ஒரு குச்சியால் அதைப் பிளந்தார். மேல்பக்கம் காய்ந்து, உள்ளே ஈரம். புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து எங்களிடம் நீட்டினார். நாருக்கும் மூங்கில் பட்டைக்கும் நடுவே, கடுகைவிடச் சின்னதாகச் சிவப்பு மணிகள். ராகி. செரிக்காமல் வந்த ராகி. "நேத்து ராத்திரி கொல்லைக்குப் போயிருக்கு. விடிகாலை இப்படித்தான் மேலே ஏறிருக்கு. எங்க மாமா கொல்லையா இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். நான் பல மலை ஏறியிருக்கிறேன். ஒரு மலையும் அதன் அடிவாரமும் ஒன்றுக்கொன்று என்ன என்பதை அந்த உள்ளங்கையில் பார்த்ததுபோல வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் நடை நின்று நின்றுதான் போனது. மரத்தில் என் தலைக்கு மேலே இரண்டு முழம் உயரத்தில் சேறு ஒட்டியிருந்தது. யானை முதுகு உரசிய இடம். இன்னொரு மரத்தின் பட்டையில் கோடு கோடாகக் கீறல், கரடி தேனுக்கு ஏறிய தடம். சின்ன நெல்லிக்காய் பொறுக்கிக் கொடுத்தார். கடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், இனித்தது. எந்தச் செடியைக் கால்நடை தின்னும், எதைத் தின்னாது, எந்த மரத்தடியில் ஊர்ச்சாமிக்கு வருஷத்துக்கு ஒரு முறை பூசை, எந்தப் பாறைப் பக்கம் செருப்போடு போகக் கூடாது, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னதைவிட, நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் அதிகம்.

ஓர் இடத்தில் கையை உயர்த்தினார். நின்றோம். காடு அப்படியே இருந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் குனிந்து பாதையில் இருந்த பொடிமண்ணை விரல் நுனியில் எடுத்து, தோள் உயரத்திலிருந்து மெல்ல உதிர்த்தார். மண் எங்களிடமிருந்து விலகி, முன்னே இருந்த மூங்கில் பக்கம் பறந்தது. நம் வாசனை அங்கே போகிறது என்று அர்த்தம். அப்போதுதான் கேட்டது: மூங்கில் முறியும் சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு ஆழத்தில் ஓர் உறுமல், வண்டி எஞ்சின் தூரத்தில் ஓடுவதுபோல. "பெரியவங்க இருக்காங்க" என்று முணுமுணுத்தார். யானை என்ற பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. வந்த வழியே எங்களைத் திருப்பி, பாறைமேல் ஏற்றி, முக்கால் மணி நேரம் சுற்றிக் கூட்டிப் போனார். எங்களில் ஒருவருக்கு வருத்தம். இவ்வளவு தூரம் வந்து யானையைப் பார்க்கவில்லையே என்று. தம்பி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அது நம்மைப் பார்க்கலை இல்லைங்களா, அதுதாண்ணா நல்ல நடை."

இந்தக் காட்டைப் பற்றி உலகம் முழுவதும் படிக்கும்படி எழுதிய ஒருவர் உண்டு. கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்தவர், பெங்களூரில் வாழ்ந்தவர், 1974-இல் காலமானார். 1954-இல் வந்த அவருடைய முதல் வேட்டைக்கதைப் புத்தகத்திலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி வருகிறது, தளி அருகே கும்மளாபுரத்தின் சிறுத்தை வருகிறது. அவர் எழுத்தில் அஞ்செட்டியும் தேன்கனிக்கோட்டையும் சின்னாறும் ஊர்ப்பெயராக இல்லாமல் ஆட்களைப் போல நடமாடும். துப்பாக்கி எடுத்துப் போனவர் பின்னாளில் காமிராவுக்கு மாறினார். அவர் புத்தகங்களில் பைரா என்ற பழங்குடி மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். தடம் பார்ப்பதும் குரல் கேட்பதும் ஆண்டர்சனுக்கு அவரிடம் கற்ற பாடம். புத்தகத்தின் அட்டையில் துரையின் பெயர் இருக்கிறது. காட்டில் முன்னால் நடந்தவர் பைரா. இன்றைக்கு ஓசூரில் அந்த ஆண்டர்சன் பெயரிலேயே இயற்கை ஆர்வலர்கள் சங்கம் ஒன்று மேலகிரிக்காக உழைக்கிறது. பைராவின் பெயரையும் அதே மரியாதையோடு நாம் சொல்ல வேண்டும்.

இமயத்திலும் இதே கதைதான். எவரெஸ்ட் உச்சியை 1953-இல் தொட்டபோது ஹிலாரியோடு டென்சிங் நின்றார். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுப் படையெடுப்புகளில் மூட்டை சுமந்து முன்னே வழி பார்த்து உயிர்விட்ட ஷெர்ப்பாக்கள் எத்தனையோ பேர். இன்னொரு தகவல் நம் பக்கத்துக்கு நெருக்கமானது. அந்த எவரெஸ்டை அளந்த மாபெரும் நில அளவைப் பணி 1802-இல் சென்னை பரங்கிமலையில்தான் தொடங்கியது. லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்து மேற்கே மங்களூர்க் கரை வரை, குன்றுக்குக் குன்று முக்கோணம் போட்டுக்கொண்டே போனார். அரைநூற்றாண்டு கழித்து அந்தக் கணக்கின் தொடர்ச்சியாகத்தான் இமயத்தின் உச்சிக்கு உயரம் கிடைத்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குன்றுக்கும் ஏறியவர்கள் அந்தந்த ஊர் ஆட்கள்.

சாமி ஏரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெரிய ஏரி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். காட்டுக்கு நடுவே வானம் விழுந்து கிடப்பதுபோல ஒரு நீர்ப்பரப்பு. கரைச் சேற்றில் நேற்றைய கூட்டத்தின் காலடிகள்: பெரிய வட்டம், நடு வட்டம், ஒரு தட்டு அளவில் குட்டியின் வட்டம். மூன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது. தம்பி இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அவர் அம்மா கட்டிக் கொடுத்த ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. எங்களுக்கும் பிட்டுக் கொடுத்தார். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று ஓசூரில் பிறந்த எனக்கு அங்கேதான் சொல்லித் தந்தார். அந்த ராகியில்தான் யானைக்கும் பங்கு போகிறது என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

திரும்பி வந்து பிளாஸ்டிக் கணக்கு பார்த்தார். ஒரு மிட்டாய் உறை குறைந்தது. எங்களில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் விட்டார்.

குத்திராயனுக்கு இன்னொரு நாள் போனோம். அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: ஏற்றம் நெஞ்சை அடைக்கும், உச்சிப் பாறையில் காற்று ஆளைத் தள்ளும், காடு காடாகக் கிழக்கும் மேற்கும் விரியும். முழங்கால் வலிக்காரர்கள் சாமி ஏரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நேயர்களே, ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இமயத்துக்குப் போங்கள், கட்டாயம் போங்கள். சாங்கிரிப் பையன் கேட்ட கேள்விக்குப் பதிலோடு போங்கள். அதற்கு ஒரு சனிக்கிழமை போதும். இந்தப் பாதைகளில் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் ஒரு மலை வீட்டு அடுப்பில் எரிகிறது. அவர் நில் என்றால் நில்லுங்கள். ஏன் என்று பிறகு கேட்கலாம். பாட்டுப் பெட்டியை ஊரிலேயே வைத்துவிடுங்கள். வாசனைத் தைலம் பூசிக்கொள்ளாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கால் உடுப்பு, மண் நிறச் சட்டை.

மார்கழியில் போனால் ராகி அறுப்பு நடந்துகொண்டிருக்கும். அய்யூர் வழியில் பரணிலிருந்து இறங்கி, கம்பளியை மடித்துக்கொண்டு தூக்கக் கண்ணோடு ஒருவர் நின்றிருப்பார். வண்டியை நிறுத்தி, ராத்திரி ஆனை வந்ததா என்று அவரிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு மலை ஏறுங்கள்.